ஹாம்ட்ராமிக் வீடியோவை அனுப்பிய நண்பர்களுக்கு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் வாட்சப் குழுவில் ஒரே வீடியோவை ஐந்து பேர் அனுப்பியிருந்தீர்கள். “பறிபோன அமெரிக்க நகரம்” என்று தலைப்பு. மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஹாம்ட்ராமிக் என்ற ஊர் முஸ்லிம்கள் கைக்குப் போய்விட்டது என்கிற வீடியோ. பள்ளிவாசல் ஒலிபெருக்கி, பர்தா போட்டுத் தெருவில் நடக்கும் பெண்கள், நகர மன்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்கள், பின்னணியில் பேய்ப்படத்துக்குப் போடுகிற இசை. கீழே ஒருவர், “நம்ம ஏரியாவுக்கும் இது வர எத்தனை நாள்?” என்று கேட்டிருந்தார். அதற்கு 23 கட்டைவிரல்.

அங்கேயே பதில் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். எழுதினால் அரை மணி நேரத்தில் “யார் வீட்டிலாவது மிக்ஸி ஜார் இருக்கா” என்ற செய்திக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் பொதுவில் ஒரு மடலாகவே எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். பொங்கல் விழாவில் பார்க்கும்போது சரியாகிவிடும்.

அந்த ஊர் எனக்குத் தெரியும். மீன் வாங்கப் போய்த் தெரிந்துகொண்ட ஊர். நான் கடலூர்க்காரி. மிச்சிகனுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. நம் புறநகர்க் கடைகளில் கிடைக்கும் சால்மனையும் திலாப்பியாவையும் வைத்துக் குழம்பு வைத்தால் என் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசமாட்டார்கள். அதனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் வண்டியை விட்டு, ஹாம்ட்ராமிக்கில் கானன்ட் தெருவுக்குப் போய்விடுவேன். வங்கதேசத்துக்காரர்கள் கடை வைத்துத் தூக்கி நிறுத்திய தெரு அது. “பங்களாதேஷ் அவென்யூ” என்று கௌரவப் பெயரே உண்டு. அங்கே இலிஷ் கிடைக்கும். நம் பக்கத்தில் உல்லம் என்பார்களே, அதே மீன்தான். கல் மாதிரி உறைந்திருக்கும். கடைக்குப் பின்னால் மின்சார ரம்பத்தில் வைத்துத் துண்டு போடுவார்கள். வெட்டும்போது பனித்தூள் தெறித்து வெட்டுகிறவர் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிடும்.

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ரம்பத்துக்குப் பின்னால் வழக்கமாக நிற்பவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கத்துக்காரர். பகலில் மீன் வெட்டுகிறார், இரவில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கடைக் கண்ணாடி முழுக்க வங்காளத்தில் அச்சடித்த தேர்தல் நோட்டீஸ். பேச்சுக்காக, “இந்தத் தடவை யார் ஜெயிப்பார்?” என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. மனிதர் ரம்பத்தை நிறுத்திவிட்டார். மேயர் பதவிக்கு யார் யார், மன்றத்தில் காலியாகும் மூன்று இடங்களுக்கு யார் யார், எந்தப் பள்ளிவாசல்காரர்கள் எந்தப் பக்கம், தன் தெருவில் 14 வீடு, அதில் 41 ஓட்டு, அந்த 41-இல் யார் இன்னும் தபால் ஓட்டை அனுப்பவில்லை, எல்லாம் விரல் நுனியில் இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் இவர் கணக்கு தப்பு என்றார். சண்டை வருமோ என்று பயந்தேன், சிரித்தார்கள்.

அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். “ஆபா (அக்கா), உங்க ஊர்ல மேயர் யார்?”

எனக்குத் தெரியவில்லை. மிச்சிகன் ஆளுநர் பெயர் நினைவுக்கு வந்தது. கடலூர் எம்.எல்.ஏ. பெயர்கூட வந்தது. எட்டு வருடமாக வீட்டு வரி கட்டும் ஊரின் மேயர் பெயர் வரவில்லை. “தலையைத் தனியா போடுங்க” என்று பேச்சை மாற்றினேன்.

இனி வீடியோவுக்கு வருகிறேன். அந்த ஊர் “பறிபோனது” என்கிறார்கள். யாரிடமிருந்து? டெட்ராய்ட் நகரம் ஏறக்குறைய நாலு பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் இரண்டு சதுர மைல் பரப்பில் இருக்கும் ஊர் ஹாம்ட்ராமிக். 1910-இல் டாட்ஜ் சகோதரர்கள் அங்கே கார்த் தொழிற்சாலை கட்டினார்கள். அந்த வருடக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,559. பத்தே வருடத்தில் 48,615. 1930-இல் 56,268. அத்தனையும் பெரும்பாலும் போலந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள். வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. முட்டைகோஸும் பன்றிக்கறியும் சமைக்கிற வாசம் தெருவெல்லாம். அன்றைக்கு வீடியோ இருந்திருந்தால், “போலந்துக்காரர்களிடம் பறிபோன நகரம்” என்று அப்போதே யாராவது எடுத்திருப்பார்கள். 1922-இல் தனி நகரமானது முதல் ஏறக்குறைய நூறு வருடம் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் போலந்து வம்சாவளி. 1980 ஜனவரியில் டாட்ஜ் ஆலையை மூடினார்கள். பிள்ளைகள் படித்துப் புறநகருக்குப் போனார்கள், கிழவர்கள் தங்கினார்கள், வீட்டு விலை விழுந்தது. விழுந்த விலைக்கு வாங்க வந்தவர்கள்தான் யேமன்காரர்களும், நியூயார்க் வாடகை தாங்காமல் குடும்பத்தோடு கிளம்பி வந்த வங்கதேசத்துக்காரர்களும். 2020 கணக்கெடுப்பில் 28,433 பேர். இவர்கள் வராமல் போயிருந்தால் அந்த எண் எங்கே போய் நின்றிருக்குமோ.

ஒலிபெருக்கி விஷயத்தை 2004-இல் நகர மன்றத்தில் தீர்மானம் போட்டு முறைப்படுத்தினார்கள். 2015 தேர்தலில் மன்றத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆனார்கள். அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. 2021 நவம்பரில், 2006 முதல் மேயராக இருந்த கேரன் மயெவ்ஸ்கியை, யேமனில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆமர் காலிப் தோற்கடித்தார். மன்றத்தின் ஆறு இடங்களிலும் முஸ்லிம்கள். இதைத்தான் உங்கள் வீடியோ பேய் இசையோடு காட்டுகிறது. இதில் பறித்தல் எங்கே இருக்கிறது? ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த ஓட்டும் சும்மா கைக்கு வரவில்லை. 1999 நவம்பர் தேர்தலில் என்ன நடந்தது தெரியுமா? “நல்ல ஹாம்ட்ராமிக்” வேண்டும் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழு வாக்குச்சாவடிகளில் நின்றது. நிறம் கறுப்பாகவோ, பெயர் அரபுப் பெயராகவோ இருந்தால், “இவர் குடிமகனா என்று சந்தேகம்” என்று எழுந்து சொல்லும். உடனே அந்த ஆள் அங்கேயே கையைத் தூக்கி, நான் அமெரிக்கக் குடிமகன் என்று சத்தியம் செய்ய வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்டவர்களை இப்படி நிறுத்தினார்கள். சிலர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியும், பரவாயில்லை, சத்தியம் செய் என்றார்கள். வெள்ளைத் தோலுக்கு அந்தக் கேள்வியே இல்லை. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. 2000-இல் நகரம் இறங்கிவந்து உடன்பட்டது. வாக்குச்சாவடிகளில் அரபு, வங்காள அலுவலர்களை வைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இன்றைக்கு அங்கே வாக்குச்சீட்டு வங்காளத்திலும் கொடுக்க வேண்டும், அது சட்டம்.

அன்றைக்கு அந்த வரிசையில் நான் நின்றிருந்தால் என்னையும் நிறுத்தியிருப்பார்கள். இந்தக் குழுவில் இருக்கிற உங்களில் பத்துக்கு ஒன்பது பேரையும்தான். நிறத்தைப் பார்த்து நிறுத்துகிறவன், “நீ முஸ்லிமா, கடலூரா, காரைக்குடியா” என்று விசாரித்துவிட்டா நிறுத்துவான்?

சரி, “எல்லாரும் ஒரே கட்டாக ஓட்டுப் போடுவார்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். இதுதான் எனக்குச் சிரிப்பு வந்த இடம். அந்த ஊரின் அரசியல் சாய்வை இரண்டு வரியில் சொல்ல ஒருவராலும் முடியாது. 2020-இல் பைடனுக்கு அங்கே 85 சதவீதம் விழுந்தது. ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்றார்கள். 2023 ஜூனில், பாலினச் சிறுபான்மையினரின் வானவில் கொடியை நகராட்சிக் கட்டடங்களில் ஏற்றக் கூடாது என்று அதே ஊர் மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை, மீன் கடையிலும் சொன்னேன். முஸ்லிம்களுக்காகக் கூட நின்ற முற்போக்குக்காரர்கள் முதுகில் குத்துப்பட்ட மாதிரி ஆனார்கள். 2024 பிப்ரவரியில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மிச்சிகன் முதல்நிலைத் தேர்தலில் காஸாவுக்காக பைடனுக்கு எதிராக “யாருக்கும் இல்லை” என்ற கட்டத்தில் மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் குத்தினார்களே, ஹாம்ட்ராமிக்கில் ஜனநாயகக் கட்சிப் பக்கத்தில் விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் அதற்குத்தான். செப்டம்பரில் மேயர் காலிப் டிரம்பை ஆதரித்தார். அக்டோபரில் டிரம்பே அந்த ஊருக்கு வந்து போனார். ஆனால் மன்ற உறுப்பினர்கள் எல்லாரும் மேயர் பின்னால் போகவில்லை, சிலர் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு நின்றார்கள். நவம்பரில் எண்ணிப் பார்த்தால் ஹாரிஸுக்குச் சுமார் 46 சதவீதம், டிரம்புக்குச் சுமார் 43, மிச்சத்தில் பெரும்பங்கு பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு. நாலு வருடத்தில் 85 பாதியாகிவிட்டது. அடுத்த மார்ச்சில் காலிப்பைக் குவைத் தூதராக டிரம்ப் முன்மொழிந்தார்.

ஒரே கட்டாம்! நம் சங்கத் தேர்தலில்கூட இவ்வளவு கட்சி மாறல் நடந்ததில்லை. (நடந்திருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் வாக்காளர் பதிவில் கட்சி என்று ஒரு கட்டமே கிடையாது. இன்னார் ஜனநாயகக் கட்சி, இன்னார் குடியரசுக் கட்சி என்று ஊர்ப் பட்டியலில் இருக்காது. பெரும்பாலான நகரத் தேர்தல்களில் சீட்டிலும் கட்சி இருக்காது, வெறும் பெயர்தான். ஆகஸ்டில் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில் இரண்டு கட்சியும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக இருக்கும். எந்தப் பக்கம் குத்தினீர்கள் என்று உங்களுக்கும் தாளுக்கும்தான் தெரியும். ஆக, ஒரு ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நாம் சொல்வதெல்லாம், அன்றைக்கு வந்தவர்கள் எந்தப் பக்கம் குத்தினார்கள் என்பதைத்தான். வராதவர்களுக்கு ஒரு சாய்வும் இல்லை, கணக்கிலேயே இல்லை. நம் புறநகர் “மிதமான ஊர், யாருக்கும் தொந்தரவில்லாத ஊர்” என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். அப்படியா, அல்லது நாம் போகாததால் அப்படித் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை.

2025 நவம்பர் 4. அந்தச் சில்ஹெட்காரர் எனக்கு நடத்திய வகுப்பின் பரீட்சை நாள். மேயர் பதவிக்குச் சீட்டில் அச்சடித்த பெயர் இரண்டு. யேமன் வம்சாவளி ஆடம் அல்ஹார்பி, வங்கதேச வம்சாவளி முஹித் மஹ்மூத். பார்த்தீர்களா, இருவரும் முஸ்லிம், அப்படியும் இரண்டு அணி. முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் சேர்த்து விழுந்தது ஏறக்குறைய 4,000 ஓட்டு. அல்ஹார்பி முன்னால் இருந்தது 11 ஓட்டில். 28,000 பேர் இருக்கும் ஊருக்குப் பதினொன்று. அந்த மனிதரின் தெருவில் ஒரு நாலு வீடு. கொஞ்ச நாளில், எண்ணப்படாத 37 தபால் ஓட்டுகள் நகர அலுவலகத்தில் இருப்பது தெரிந்தது. அவை பாதுகாப்பாகத்தான் இருந்தனவா என்று சந்தேகம் கிளம்பியது. கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் முடிவுச் சரிபார்ப்புக் குழுவில் கட்சிக்கு இரண்டு பேராக நாலு பேர். இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். 37-ஐ எண்ணவில்லை. அப்புறம் வழக்கு, மறு எண்ணிக்கை என்று இழுத்தது.

அந்த ஊரைப் புனிதமாக்க நான் வரவில்லை. 2023 மன்றத் தேர்தலில் தபால் ஓட்டுகளில் தில்லுமுல்லு செய்ததாக மன்ற உறுப்பினர் இருவர் மேல் 2025 ஆகஸ்டில் குற்றச்சாட்டுப் பதிந்தார்கள். இரண்டு தடவை, 2000-இலும் 2013-இலும், கஜானா காலியாகி மாநிலம் நியமித்த மேலாளர் வந்து உட்கார்ந்தார். அந்த நாட்களில் மன்றத்துக்கு எவ்வளவு ஓட்டு வாங்கி வந்தாலும் கையெழுத்து அவருடையதுதான். குறை இருக்கிறது, நிறைய. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நூறு இருநூறு ஓட்டில் ஒரு இடம் முடிவாகும் என்றால், பத்து உறையைக் கையாடினாலே லாபம் என்று ஒருவனுக்குத் தோன்றும். பத்தாயிரம் பேர் வந்து போட்டால் அந்த ஆசையே வராது. திருட்டுக்கு வசதி செய்து கொடுப்பது கூட்டமில்லாத கடைதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஊர்ப் பெயர் வேண்டாம். உங்களில் பாதிப் பேர் இருப்பது அங்கேதான். நம் ஊருக்கும் நகரத் தேர்தல் ஒற்றைப்படை வருடத்து நவம்பரில்தான் வருகிறது. அதிபர் தேர்தலில் கூட்டம் அலைமோதும். 2024-இல் மாநிலம் முழுக்க 56 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். நாமும் போனோம், “நான் வாக்களித்தேன்” ஸ்டிக்கரோடு படமெடுத்துக் குழுவில் போட்டோம். அடுத்த வருடம்? நான் சொல்கிறேன் என் கதையை. தபால் ஓட்டு வீட்டுக்கே வந்தது. நிரந்தரப் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தேன், அதனால் கேட்காமலே வந்தது. குளிர்பதனப் பெட்டிமேல் காந்தத்தில் மாட்டிவைத்தேன். அதற்கு மேல் பல் டாக்டர் அட்டை வந்தது. அதற்கு மேல் மகளின் பரதநாட்டிய வகுப்பு அட்டவணை வந்தது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு விருந்தாளிகள் வருகிறார்களே என்று பெட்டியைத் துடைக்கும்போதுதான் கையில் கிடைத்தது. தேர்தல் முடிந்து மூன்று வாரம். உறைக்கு மேல் திருப்பி அனுப்பத் தபால்தலைகூட ஒட்ட வேண்டியதில்லை, 2022-இல் அரசியலமைப்புத் திருத்தத்தில் அதையும் மாநிலமே கொடுக்க வேண்டும் என்று மக்கள் ஓட்டுப் போட்டு வாங்கிவைத்திருந்தார்கள். நான் செய்ய வேண்டியிருந்தது வெளியே ஒரு கையெழுத்து.

ரம்பத்தை நிறுத்திய மனிதரை நினைத்துக்கொண்டு அந்த உறையைப் பிரித்துப் பார்த்தேன். மன்றத்துக்கு நின்றவர்களில் ஒருவர் பெயர் பழக்கமாக இருந்தது. யாரென்று யோசித்தால், நாம் மூன்று வருடமாகப் புலம்புகிற கிரிக்கெட் மைதான விஷயத்தில் பூங்காக் கூட்டத்துக்குப் போய் நமக்காகப் பேசியவர். நமக்காக! நாம் யாரும் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை, அன்றைக்கு இந்தியா விளையாடிய ஆட்டம் இருந்தது. அவர் தோற்றுப்போனார். எத்தனை ஓட்டில் என்று இங்கே எழுதினால் ஊரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். நம் குழுவில் இருக்கும் குடிமக்கள் எண்ணிக்கையைவிடக் குறைவு, அது மட்டும் சொல்கிறேன்.

குடிமக்கள் என்றேன். இந்த மடல் எல்லாருக்கும் அல்ல. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வரிசையில் பத்துப் பதினைந்து வருடமாக நிற்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேலை வழியாக வரும் அட்டையில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இந்தியாவை எப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நம் வீடுகளில் தெரியாதவர் இல்லை. யேமன்காரர்களும் வங்கதேசத்துக்காரர்களும் பெரும்பாலும் குடும்ப வழியில் வந்தார்கள். அட்டை கிடைத்து ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அண்ணன் தம்பிக்கு எழுதிப்போட்டு, தம்பி தங்கைக்கு எழுதிப்போட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் ஓட்டு வந்ததற்கும் நமக்குத் தாமதமாக வந்ததற்கும் பாதிக் காரணம் அதுதான். ஓட்டுரிமை இல்லாதவர்கள் ஒருபோதும் போடக் கூடாது. தெரியாமல் பதிந்தால்கூட வழக்கு, நாடு கடத்தல் வரைக்கும் போய்விடும், கவனம். நான் பேசுவது அமெரிக்க நீலப் பாஸ்போர்ட் வாங்கி, அந்தச் சடங்குக்குப் பட்டுப்புடவை கட்டிப் போய்ச் சின்னக் கொடியை ஆட்டிப் படமெடுத்துக்கொண்டவர்களிடம். நானும் அதில் ஒருத்தி.

“நமக்கெதுக்கு அரசியல்” என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை, அந்த வாதம் ஊரிலேயே கேட்டுச் சலித்தது. ஆனால் ஒரு நண்பர் சொன்ன வாதத்தில் விஷயம் இருக்கிறது. “ஒற்றைப்படை வருடத்தில் தேர்தல் வைக்கிறதே தப்பு. அதிபர் தேர்தலோடு சேர்த்தால் எல்லாரும் போடுவோம்” என்றார். எண்ணிக்கை கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மாநிலத்து நீளச் சீட்டை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரே ஒரு வட்டத்தை நிரப்பினால் ஒரு கட்சிக்கு மொத்தமாக ஓட்டு விழுந்துவிடும், அந்த வசதி இங்கே உண்டு. பலர் அதை நிரப்பி, வேலை முடிந்தது என்று இயந்திரத்தில் போட்டுவிடுவார்கள். கட்சி இல்லாத பதவிகளுக்கு அந்த வட்டம் செல்லாது. அவை தனிப் பகுதியில், பல நேரம் தாளின் பின்பக்கத்தில் இருக்கும். நீதிபதிகள் அங்கே. பள்ளி வாரியம் அங்கே.

பள்ளி வாரியம்! எதற்காக இந்தப் புறநகரில் வீடு வாங்கினோம்? சமையலறை சின்னது, வரி அதிகம், அடித்தளத்தில் மழை பெய்தால் தண்ணீர். ஆனாலும் “ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது” என்று ஒருவருக்கொருவர் சொல்லி வாங்கினோம். அந்தப் பள்ளிகளை நடத்துகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடம் இரட்டைப்படை வருடத்தில், நாம் ஸ்டிக்கர் வாங்கிய அதே நாளில், அதே தாளில் இருந்தது. எத்தனை பேர் தாளைத் திருப்பினோம்? என் கணவரைக் கேட்டேன். “பின்னாடி ஏதாவது இருந்ததா?” என்றார்.

ஆகவே வருடத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. மாற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

எப்படிப் போடுவது என்பதில் குழப்பம் இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம். 2018-இல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பிறகு, காரணம் சொல்லாமலே தபால் ஓட்டு வாங்கலாம். பதிவு செய்ய மறந்தவர்கள் தேர்தல் நாளன்றே நகர எழுத்தர் அலுவலகத்தில் முகவரிச் சான்றோடு போய் இரவு 8 மணிக்குள் பதிந்து அங்கேயே போடலாம். மாநில, கூட்டாட்சித் தேர்தல்கள் என்றால் ஒன்பது நாள் முன்கூட்டியே வாக்குச்சாவடி திறந்திருக்கும். தபால் ஓட்டு தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், முத்திரைத் தேதி கணக்கில்லை. அதனால் கடைசி வாரத்தில் தபால்பெட்டியை நம்பாமல் நகரம் வைத்திருக்கும் பெட்டியில் நேராகப் போடுங்கள். கையெழுத்து முக்கியம். நம்மில் பலருக்கு வங்கியில் ஒரு கையெழுத்து, பாஸ்போர்ட்டில் தமிழில் ஒரு கையெழுத்து. ஓட்டுநர் உரிமத்தில் போட்டதைப் போடுங்கள்.

யாருக்குப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். குழுவில் டிரம்ப்காரர்களும் இருக்கிறீர்கள், அவரை நினைத்தாலே ரத்த அழுத்தம் ஏறுகிறவர்களும் இருக்கிறீர்கள். 2016-இல் இந்த மாநிலமே 10,704 ஓட்டில்தான் அவர் பக்கம் போனது என்பதை மட்டும் இரண்டு தரப்பும் நினைவில் வையுங்கள்.

வீடியோவை அனுப்பியவர்களில் ஒருவர் எனக்குத் தனியே எழுதினார். “நீங்க அங்க போய் மீன் வாங்குறீங்களே, பயமா இல்லையா?” என்று. பயம் ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது அந்த மனிதர் மறுபடி ரம்பத்தை நிறுத்தி, மேயர் பெயரைக் கேட்பாரோ என்று. இப்போது தெரிந்துவைத்திருக்கிறேன். ஆனால் அவர் விடமாட்டார், மன்றத்தில் எத்தனை பேர், யாருக்கு எப்போது பதவி முடிகிறது என்று அடுத்து கேட்பார்.

வரும் சனிக்கிழமை கானன்ட் தெருவுக்குப் போகிறேன். உல்லம் வேண்டும் என்பவர்கள் வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள். தலை வேண்டுமா என்பதையும் எழுதுங்கள், கேட்காவிட்டால் போடமாட்டார்கள். யாராவது கூட வருவதாக இருந்தாலும் சரி, வண்டியில் மூன்று இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருத்தி